எழுத்துக்குப் போடும் கோட்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நாங்கள் எல்லோரும் இங்கு நலம். நீயும் அங்கு நலமாயிருக்க கோணேசப் பெருமானை வேண்டுகிறோம். இங்கே கச்சான் காற்று தொடங்கிவிட்டது. பகலில் கடைக் கதவைப் பாதி சாத்திவைத்துத்தான் வேலை நடக்கிறது. அம்மா சுகம். தங்கச்சிக்குச் சோதனை நெருங்குகிறது.

கலியாண எழுத்துக்கு, அதுதான் பதிவுக்கு, போடவென்று வாங்கிய கோட் சூட்டோடு நீ அனுப்பிய படத்தைத் தங்கச்சி தன் போனில் பெரிதாக்கிக் காட்டினாள். கீழே நீ எழுதியிருந்ததையும் வாசித்தாள். "எனக்கு இதெல்லாம் சரிவராது அப்பா, கோட் போட உயரமும் உடம்பும் வேணும்" என்று எழுதியிருக்கிறாய். அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் "ஓம் ஓம்" என்றுவிட்டு வைத்துவிடுவாய். எழுதினால் திரும்ப எடுத்துப் பார்க்கலாம், கடைக்கும் கொண்டுபோகலாம்.

உன் உடம்பில் ஒரு குறையும் இல்லை மகன். அந்தக் கோட் உனக்கென்று வெட்டியது இல்லை, அவ்வளவுதான். படத்தை நன்றாகப் பார். தோள் தையல் உன் தோள் எலும்பு முடிகிற இடத்தைத் தாண்டிக் கீழே தொங்குகிறது. அதனால் கை தொடங்கும் இடத்தில் ஒரு குழி விழுந்திருக்கிறது. கை நீளம் பெருவிரல் மொளி வரை வருகிறது, உள்ளே போட்ட சேட்டின் கை தெரியவே இல்லை. வலப்பக்கம் கழுத்திலிருந்து கமக்கட்டை நோக்கிச் சரிவாக ஒரு சுருக்கம் ஓடுகிறது. அந்தச் சுருக்கம் ஏன் வந்தது என்று அங்குள்ள கடைக்காரருக்குத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும். உன் வலது தோள் இடதைவிடக் கொஞ்சம் தாழ்வு. நீ பள்ளிக்கூடம் போன காலத்தில் வெள்ளைச் சேட் தைக்கும்போதெல்லாம் வலப்பக்கத் தோளை அதற்கேற்றபடி இறக்கித்தான் வெட்டுவேன். உனக்கு அது தெரியவே கூடாது என்பதற்காகத்தான் சொல்லாமல் செய்தேன். ஆண்களில் பலருக்கு ஏதோ ஒரு தோள் தாழ்வாகத்தான் இருக்கும். தொழிற்சாலையில் இரண்டு தோளையும் ஒரே அளவாக வெட்டுகிறார்கள், மிச்சத்தை வாங்குகிறவன் சுமக்கிறான்.

இத்தனை காலம் இந்த வேலை செய்ததில் நான் கண்டதைச் சொல்கிறேன். கோட் சரியில்லாதவனை முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கத் தேவையில்லை, அவனுடைய கையைப் பார்த்தால் போதும். ஒருமுறை கை நுனியை மேலே இழுப்பான். ஒருமுறை கழுத்துப்பட்டியைத் தொடுவான். முன்பக்கத்தைச் சேர்த்துப் பிடிப்பான், விடுவான், பிறகு கையைப் பொக்கற்றுக்குள் ஒளிப்பான். அவன் உடுப்போடு மல்லுக்கட்டுகிறான். பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது. "பெடியன் சரியான கூச்சக்காரன்" என்று நினைத்துக்கொள்வார்கள். அதே ஆளுக்கு அளவாக வெட்டிக் கொடுத்துப் பார், கை இரண்டும் அதனதன் இடத்தில் சும்மா இருக்கும். எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்துக் கதைப்பான். தன்னம்பிக்கை என்று ஆட்கள் சொல்வதில் பெரும்பங்கு இதுதான். உடுப்பைப் பற்றிய நினைப்பு போய்விட்டால், முன்னால் நிற்கிற மனிதரைக் கவனிக்க மனம் கிடைக்கிறது. அப்படிக் கவனிக்கிறவனைத்தான் எல்லோருக்கும் பிடிக்கிறது.

பாலையூற்றிலிருந்து ஒரு பெடியன் கலியாணக் கோட் தைக்க வந்தான். கடல் தொழில். சேர்ச்சில் கலியாணம் என்றால் எங்கள் ஊரில் மாப்பிள்ளைக்குக் கோட் கட்டாயம். வலை இழுத்து இழுத்துத் தோள் நல்ல அகலம், ஆனால் முதுகு முன்னுக்கு வளைந்திருந்தது. அளவெடுக்கும்போது நிலத்தைப் பார்த்தபடியே நின்றான். முதல் பொருத்தம் பார்க்க வந்த நாள், வெள்ளை நூல் ஓட்டிய கோட்டைப் போட்டுவிட்டுக் கண்ணாடிக்கு முன்னால் விட்டேன். முதுகுத் துண்டை அவனுடைய வளைவுக்கு ஏற்றபடி கொஞ்சம் நீளமாக வெட்டியிருந்தேன். அதனால் கழுத்துப்பட்டி பிடரியில் ஒட்டி இருந்தது. அவன் குனிந்தால் பட்டி கழுத்தைவிட்டு லேசாக விலகும், நிமிர்ந்தால் திரும்ப ஒட்டும். நான் வாயால் ஒன்றும் சொல்லவில்லை. பிடரியில் அந்தத் தொடுகையை உணர்ந்து உணர்ந்து தானாகவே நிமிர்ந்து வந்தான். கூட வந்திருந்த தாய், "இவன் இவ்வளவு உயரமா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகத்தான் நான் இன்னும் கத்தரிக்கோலைக் கீழே வைக்காமல் இருக்கிறேன்.

எனக்குத் தொழில் பழக்கிய மாஸ்டர் சின்ன வயதில், இங்கே திருகோணமலையில் இங்கிலீஷ் நேவி இருந்த காலத்தில், அவர்களுடைய ஒபிசர்மாருக்குத் தைத்த கடையில் நூல் கோத்துக் கொடுக்கிற பெடியனாகத் தொடங்கியவர். 1957இல் அவர்கள் துறைமுகத்தைக் கையளித்துவிட்டுப் போனார்கள், வெட்டு முறை மாஸ்டரின் கையில் நின்றுவிட்டது. அவர் எனக்குப் படிப்பித்ததில் ஆட்கள் நம்ப மறுக்கிற ஒன்று உண்டு. கமக்கட்டு வட்டம், அதாவது கோட்டில் கையைப் பொருத்துகிற வட்டம், பெரிதாக இருந்தால் கையை இலகுவாக அசைக்கலாம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. வட்டம் பெரிதாகி அடிப்பக்கம் கீழே இறங்கிவிட்டால், கையைத் தூக்கும்போது முழுக் கோட்டும் சேர்ந்து மேலே போகும். வட்டம் சின்னதாக, கமக்கட்டுக்குக் கிட்ட இருந்தால் கை மட்டும் போகும், கோட் இருந்த இடத்தில் இருக்கும். லூசாக இருந்தால் வசதி என்று நினைத்து ஒரு அளவு பெரிதாக வாங்கியிருக்கிறாய். அதுதான் உன்னைக் கட்டிப்போட்டிருக்கிறது.

தங்கச்சி கோணேசபுரிப் பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கிறவள் அல்லவா, இதைப் பற்றியும் தேடி வாசித்துச் சொன்னாள். இங்கிலாந்தில் செய்து 2013இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றாம். ஒரே ஆளை அளவெடுத்துத் தைத்த கோட்டிலும் கடையில் வாங்கிய கோட்டிலும் படம் எடுத்து, முகத்தை மறைத்து, சில வினாடிகள் மட்டும் காட்டியிருக்கிறார்கள். இரண்டு கோட்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அப்படியிருந்தும் அளவெடுத்துத் தைத்ததில் இருந்தவருக்குத்தான் தன்னம்பிக்கையும் வெற்றியும் வருமானமும் கூடுதல் என்று பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். முகமே தெரியாத இடத்தில் தோளும் இடுப்பும் கதைத்திருக்கின்றன. அமெரிக்காவில் 2014இல் வந்த இன்னொன்றில், ஆண்களில் சிலருக்குக் கோட் சூட்டையும் சிலருக்கு வீட்டில் போடும் தொளதொளக் களிசானையும் கொடுத்துப் பேரம் பேச விட்டிருக்கிறார்கள். கோட் போட்டவர்கள் நல்ல விலைக்கு முடித்தார்களாம், மற்றவர்கள் கூடுதலாக விட்டுக்கொடுத்தார்களாம். 2012இல் டொக்டர்மாரின் வெள்ளைக் கோட்டைப் போட்டால் கவனம் கூடுகிறது என்று ஓர் ஆய்வு பெரிதாகப் பேசப்பட்டது. பின்னர் வேறு ஆட்கள் அதையே திரும்பச் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை என்பதையும் தங்கச்சி சொன்னாள். அதனால் கோட்டில் ஏதோ மந்திரம் இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. என் கடைக் கண்ணாடிக்கு முன்னால் நான் கண்டதை மட்டும் சொல்கிறேன்.

கலியாணம் கட்டப்போகிற பிள்ளையின் கண்ணுக்கு வடிவாகத் தெரிய வேண்டும் என்று நீ நினைப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அது நல்ல ஆசை. உயரம் குறைந்தவனுக்கும் கோட் நிறையச் செய்யும். கழுத்துப்பட்டித் தையலிலிருந்து நிலம் வரை அளந்தால் கோட்டின் நீளம் அதில் பாதிக்குக் கிட்ட நிற்க வேண்டும். உன்னுடையது அதைத் தாண்டிக் கீழே போகிறது, அதனால் கால் கட்டையாகத் தெரிகிறது. தோள் நேராக நின்று இடுப்பில் லேசாக உள்ளே வந்தால் நெஞ்சு தானாக அகலமாகத் தெரியும். மேலும் கீழும் ஒரே கடுநிறமாக இருந்தால் பார்க்கிற கண் நடுவில் எங்கும் நிற்காமல் முகத்துக்குப் போகும். கருநீலம் எடுத்திருக்கிறாய். நம் நிறத்துக்கு அது மிக நல்லது. மினுங்குகிற பொலியெஸ்டர் மட்டும் வேண்டாம். வெளிச்சம் பட்டால் ஒவ்வொரு சுருக்கத்தையும் எடுத்துக் காட்டும், வியர்வையையும் வெளியே விடாது. உள்ளே தைத்திருக்கிற சீட்டைப் பார், கம்பளி எவ்வளவு என்று போட்டிருக்கும்.

இப்போது செய்ய வேண்டியது. இந்தக் கோட்டைத் திருத்தி எடுக்க முடியாது, திருப்பிக் கொடு. தோளை யாராலும் லேசில் மாற்ற முடியாது. மாற்றினால் கை, கழுத்து எல்லாவற்றையும் பிரித்துப் புதுக் கோட்டே தைக்க வேண்டிவரும். கோட்டின் நீளத்தையும் கன தூரம் குறைக்க முடியாது, பொக்கற்று அடியில் போய் நிற்கும். ஆகவே ஓர் அளவு சின்னதாக, தோள் சரியாக நிற்கிற கோட்டாகத் தேடு. உயரம் குறைந்தவர்களுக்கென்று நீளம் குறைவாக வெட்டியவை அங்கே தனியாக வரும், கேட்டுப் பார். தோள் தையல் எலும்பு முடிகிற இடத்தில் முடிய வேண்டும். பிடரியில் இடைவெளி இருக்கக் கூடாது. மேல் பட்டனைப் பூட்டினால் வயிற்றுக்கு முன்னால் பெருக்கல் குறி மாதிரிச் சுருக்கம் விழக் கூடாது, விழுந்தால் இறுக்கம். இது மூன்றும் சரி என்றால் விலை குறைவானதாக இருந்தாலும் எடு. விலை கூடிய கோட் தோளில் தொங்குவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

பிறகு அதை ஒரு நல்ல தையல்காரரிடம் கொண்டுபோ. அங்கே நம் ஆட்களும் இருப்பார்கள், விசாரி. கையை மணிக்கட்டு எலும்பு வரை குறைக்கச் சொல், சேட்டின் கை அரை அங்குலம் வெளியே தெரிய வேண்டும். இடுப்பைக் கொஞ்சம் உள்ளே பிடிக்கச் சொல். களிசான் சப்பாத்தின் மேல் குவியாமல் லேசாகத் தொட்டு நிற்கட்டும். முக்கியமாக, வலப்பக்கத் தோளுக்குள் ஒரு மெல்லிய பஞ்சுத் தட்டு கூடுதலாக வைக்கச் சொல். "வலது தோள் தாழ்வு, அப்பா சொன்னார்" என்று சொல். தொழில் தெரிந்தவர் என்றால் உடனே விளங்கிக்கொள்வார்.

கையில் வெளிப்பக்கம் தைத்திருக்கிற கொம்பனிச் சீட்டைப் பிரித்துவிடு. பின்பக்க வெட்டையும் பொக்கற்றையும் மூடித் தைத்திருக்கிற தற்காலிக நூலையும் எடுத்துவிடு. எங்கள் ஆட்கள் பலர் அதை அப்படியே விட்டுக் கலியாண வீட்டுக்குப் போகிறார்கள், பார்க்கவே எனக்குக் கை துடிக்கும். அடிப் பட்டனைப் பூட்டாதே. இருக்கும்போது மற்றதையும் கழற்றிவிடு, எழும்பும்போது பூட்டிக்கொள்.

தாலி கட்டும்போது வேட்டிதான், அதில் எனக்கும் அம்மாவுக்கும் இரண்டு பேச்சு இல்லை. வேட்டிக்கு அளவு கிடையாது, கட்டுகிறவனின் இடுப்பே அளவு. உன் தாத்தா கட்டிய பட்டு வேட்டியை நீ கட்டினாலும் உனக்கே நெய்தது போலிருக்கும். கோட் அந்தச் சாதி இல்லை. அதை ஆளுக்கேற்றபடி கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல ஆளையும் குறைத்துக் காட்டும்.

எழுத்துக்கு முன்னால் ஒருநாள் பின்னேரம் முழு உடுப்பையும் வீட்டில் போட்டுப் பழகு. சப்பாத்தோடு நட. கதிரையில் இரு. சப்பாத்து நாடாவைக் குனிந்து கட்டு. யாரையாவது கட்டிப்பிடிக்கிற மாதிரிக் கையை விரி, அன்றைக்கு எத்தனை பேர் கட்டிப்பிடிப்பார்கள் என்று உனக்கே தெரியும். மேசையில் இருந்து பேனையைப் பிடித்துக் கையெழுத்து வைத்துப் பார். எல்லோரும் படம் எடுப்பது அந்த நேரத்தில்தான். கையை நீட்டும்போது கோட் தோளில் கூம்பி எழும்பினால் இன்னும் வேலை இருக்கிறது என்று அர்த்தம், திரும்பக் கொண்டுபோய்க் காட்டு. ஓரிரு மணித்தியாலம் உடம்பில் கிடந்தால் துணியும் உன்னைப் பழகிவிடும். அன்றைக்குப் புதிதாக ஒன்றும் இருக்காது, உன் கவனம் முழுக்க அந்தப் பிள்ளையிடமும் வந்திருக்கிற பெரியவர்களிடமும் இருக்கும்.

கழற்றியதும் கம்பிக் கொழுவியில் மாட்டாதே, தோள் அகலமான மரக் கொழுவி ஒன்று வாங்கு. துணிக்கு மேல் அயன்பெட்டியை நேராக வைத்து மினுக்காதே, ஈரத் துணி ஒன்றைப் போட்டு அதற்கு மேல் மினுக்கு.

காசு காணாது என்றால் கூச்சப்படாமல் சொல். தங்கச்சியின் படிப்புச் செலவு இருக்கிறது என்று நீ யோசிப்பாய், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். அம்மா வேட்டி சால்வையும் கொஞ்சம் பருத்தித்துறை வடையும் பார்சலில் போட்டிருக்கிறா.

திருத்தி எடுத்த பிறகு முன்பக்கம், பக்கவாட்டு, முதுகு என்று மூன்று படம் அனுப்பு. கையை இயல்பாகத் தொங்கவிட்டு நில், மூச்சைப் பிடிக்காதே. முதுகுப் படம் கட்டாயம் வேண்டும், பிடரி எப்படி இருக்கிறது என்று அதில்தான் எனக்குத் தெரியும். பிழை ஏதும் இருந்தால் உடனே தங்கச்சியைக் கொண்டு எழுதுவிக்கிறேன்.

இப்படிக்கு,
அன்பு அப்பா
திருகோணமலை