சாய்ந்து நீளும் கூரைகளின் இணைப்பைக் குறித்துப் பட்டறையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருநெல்வேலிச் சீமையில் இரும்புக் கூரை அமைக்கும் பட்டறை உரிமையாளர்களுக்கும், அவர்களுக்கு வரைபடம் தரும் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

கடந்த ஆனியில், வள்ளியூர்ப் பக்கம் ஒரு கடையின் முகப்புக் கூரை தூணோடு சேரும் இடத்தில் பிய்ந்து மேல்நோக்கி மடங்கிக் கிடந்ததைப் பார்க்கப் போயிருந்தேன். உத்திரம் வளையவில்லை, தூணும் நேராகவே நின்றது. உத்திரத்தின் முனையில் வைத்துத் தூணோடு போல்ட் போடும் தகடான எண்ட் பிளேட்டில், உத்திரத்தின் கீழ் பிளேஞ்சை, அதாவது அடிப்பக்கப் பட்டையை, பிடித்திருந்த வெல்டிங்தான் கிழிந்திருந்தது. கிழிந்த கோட்டில் பாதி புதிதாகப் பளபளத்தது. மறுபாதியில் கருந்துரு ஏறியிருந்தது. அந்த வெடிப்பு எப்போதோ தொடங்கிவிட்டது. கீழே யாரும் நிற்காதது யார் செய்த புண்ணியமோ.

ஒரு பக்கமாக நீளும் காண்டிலீவர் உத்திரம் தன் எடையால் கீழே தொங்கத்தான் பார்க்கும், ஆகவே மேல் போல்ட்டுகள் பலமாக இருந்தால் போதும் என்று பலரும் கருதுகிறோம். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றை நம்பிப் பணகுடியிலும் இராதாபுரத்திலும் காற்றாலைகள் நிற்கும் நாட்டில், காற்று கூரையை மேல்நோக்கித் தூக்கும் என்பதால், இந்தக் கணக்கு செல்லாது. காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதி இவ்வட்டாரத்துக்குத் தரும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர். அது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 93 கிலோ அழுத்தமாகிறது. ஷீட்டும் அதைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லினும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 20 கிலோ என்றே வைத்துக்கொண்டாலும், 3 மீட்டர் இடைவெளியில் 3 மீட்டர் நீளும் 25 செ.மீ. உயர உத்திரம் ஒவ்வொன்றின் கீழ் பிளேஞ்சையும், அந்த அழுத்தம் முழுவதும் மேல்நோக்கி வந்தால், சுமார் 4 டன் விசை இழுக்கும். நீளத்தை 6 மீட்டராக்கினால் இழுவிசை இரு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது.

கூரையின் வாட்டம், அதாவது சாய்வு, இதை இன்னும் மோசமாக்குகிறது. வெளிப்பக்கம் 15 பாகை உயரும் உத்திரத்தில் மேல் பிளேஞ்சின் வெளிமுகம் தூணோடு 75 பாகையிலும், கீழ் பிளேஞ்சின் வெளிமுகம் 105 பாகையிலும் சேர்கின்றன. இரும்புக் கட்டமைப்புக்கான தரநிலை ஐ.எஸ். 800:2007 விதிப்படி இந்த விரிந்த கோணத்தில், மூலையை நிரப்பிப் போடும் 8 மி.மீ. பில்லெட் வெல்டிங்குக்குக் கணக்கில் வரும் கனம் 5.6 மி.மீ. அல்ல, 4.8 மி.மீ. மட்டுமே. உள்பக்கம் வெல்டிங் ராடு போகவில்லை என்று வெளிப்பக்கத்தோடு நிறுத்திவிட்டால், காற்று தூக்கும்போது பாரம் முழுவதும் அந்த மெலிந்த வெல்டிங்கின் மேல்தான் விழும். தூணுக்குள் வலுவுக்காக வைக்கும் ஸ்டிஃப்னர் தகடுகளையும், சாய்ந்த பிளேஞ்ச் உண்மையில் தொடும் உயரத்தைக் குறித்துக்கொண்டே பொருத்த வேண்டும். மழைநீரும் இந்த வாட்டத்தில் தூண் பக்கமே வடிந்து இணைப்பிலேயே தேங்குகிறது. உவரி போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று மீதியைச் செய்துவிடும்.

ஆகவே, இணைப்பை சைட்டில் வெல்டரின் கைப்பழக்கத்துக்கு விட்டுவிடாமல், எண்ட் பிளேட்டின் கனம், கீழ் வரிசை போல்ட்டுகள், ஒவ்வொரு முகத்தின் வெல்டிங் அளவு ஆகியவற்றைப் பொறியாளர்கள் வரைபடத்திலேயே எழுதிக் கொடுங்கள். அது இல்லாத வேலைக்குப் பட்டறையாளர்கள் இரும்பை வெட்டாதீர்கள். ஏற்கெனவே நிற்கும் கூரைகளில் கீழ் பிளேஞ்சின் பெயின்டைச் சுரண்டி, வெல்டிங் ஓரத்தில் துருக்கோடு ஓடுகிறதா என்று ஆனி பிறப்பதற்குள் பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டையிலிருந்து ஒரு கட்டமைப்புப் பொறியாளர்