பி.டி. பீரியட பிள்ளைககிட்டயே விட்டுருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழம குடும்பத்தோட கீழக்குயில்குடி சமணர் மலைக்கு போயிருந்தோம். என் மக பத்தாவது படிக்கிறா. ஆறாவது படிக்கிறப்ப இதே படியில எங்க எல்லாரையும் விட்டுட்டு மொத ஆளா மேல ஓடிப்போயி நின்னு கைதட்டி கூப்பிட்டவ, இப்ப பாதியிலயே உக்காந்துட்டா, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குது, கால் வலிக்குதும்மா நீங்க போயிட்டு வாங்கங்குறா. 15 வயசு பிள்ள சார். அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல.

அவ ஓடியாடுறது எப்ப நின்னுச்சுன்னு யோசிச்சு பாத்தா ஒரே நாள்ல நிக்கல. எட்டாவது வரைக்கும் கோ-கோ டீம்ல இருந்தா, வாரத்துக்கு ஒருக்க முட்டிய பேத்துக்கிட்டு வருவா. வயசுக்கு வந்ததுக்கப்புறம் எங்க அத்த தெருவுல ஆடக்கூடாதுன்னாங்க, நானும் வாயத் தொறக்கல, அது என் தப்புதான். ஒன்பதாவதுல வாரத்துக்கு ரெண்டு பி.டி. பீரியட், அதுல ஒன்ன மேத்ஸ் மிஸ் எடுத்துக்குவாங்க, இன்னொன்னு சயின்ஸ் போர்ஷன் முடிக்க போயிரும். இந்த வருசம் டைம்டேபிள்ல பி.டி.னு எழுதியிருக்கு, ஆனா நடக்குறது டெஸ்ட்டு. காலைல ஸ்பெஷல் கிளாஸ், சாயந்தரம் டியூஷன், வீடு வந்து சேர எட்டரை மணி. அவ ஸ்கிப்பிங் கயித்துல இப்ப மாடியில துணி காயுது.

இது எங்க வீட்டுக் கதை மட்டுமில்ல. 5 வயசுலருந்து 17 வயசு வரைக்கும் தெனம் 60 நிமிசமாவது உடம்பு நல்லா அசையணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. 2016 வரைக்கும் 146 நாட்டுல எடுத்த கணக்க 2019ல வெளியிட்டாங்க, 11லருந்து 17 வயசுக்குள்ள இருக்குற பசங்கள்ல 100க்கு 81 பேர் அந்த அளவு அசையுறதில்லையாம். பையங்க 78, பொம்பளப்பிள்ளைக 85. அதுலயும் 2001க்கு அப்புறம் பையங்க கணக்காச்சும் லேசா கொறஞ்சிருக்கு, பொம்பளப்பிள்ளைக கணக்கு நகரவே இல்ல. எலும்பு கெட்டிப்படுற வயசே இதுதான், அப்பப் பாத்து உக்கார வச்சுட்டு, நாளைக்கு முதுகுவலி மூட்டுவலின்னு ஆஸ்பத்திரிக்கு கூட்டிக்கிட்டு அலையவா?

நம்ம சக்கிமங்கலத்து ரேவதி வீரமணி, அப்பா அம்மா இல்லாம பாட்டி வளத்த பிள்ள, வெறுங்கால்ல ஓடிப் பழகி, ரேஸ்கோர்ஸ் மைதானத்துல பயிற்சி எடுத்து 2021ல டோக்கியோ ஒலிம்பிக்ல போயி ஓடுச்சு. அந்தப் பாட்டி, பொம்பளப்பிள்ளைக்கு ஓட்டம் எதுக்குன்னு வீட்டுல உக்கார வச்சிருந்தா? எல்லாப் பிள்ளையும் ஒலிம்பிக் போகணும்னு நான் கேக்கல, மலையில பாதி படியில உக்காராம இருந்தா போதும்.

இப்ப காலைல அஞ்சரைக்கு நானும் அவளும் தெப்பக்குளத்த சுத்துறோம். மொத நாள் ஒரு ரவுண்டுக்கே முனகுனா, நேத்து மூணு. ஆனா ஏழரைக்கு ஸ்பெஷல் கிளாஸ்ங்குறதால பாதி நாள் வர முடியல.

மாவட்ட கல்வி அதிகாரிகளும் ஹெட்மாஸ்டர்களும் இத படிச்சா ஒன்னே ஒன்னு செய்யுங்க. பத்தாவது, பன்னெண்டாவதா இருந்தாலும் பி.டி. பீரியட்ல வேற டீச்சர் கிளாசுக்குள்ள வரக்கூடாதுன்னு ஆர்டர் போடுங்க. ஸ்கூல் விட்டப்புறம் ஒரு மணி நேரம் கிரவுண்ட தொறந்து வச்சு, பொம்பளப்பிள்ளைகளுக்கு தொணைக்கு ஒரு டீச்சர நிறுத்துங்க. கூட்டிட்டு வர நாங்க வந்து நிக்கிறோம்.

இப்படிக்கு,
பத்தாவது படிக்கிற பிள்ளையோட அம்மா,
அனுப்பானடி, மதுரை.