பெட்டியடிப் பையனும் அரை மணி நேரமும்

காரைக்குடி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளை நேர்முகத் தேர்வுக்கு எப்படித் தயார் செய்வது என்று என்னிடம் கேட்கிறாயே, வேறு ஆளே கிடைக்கவில்லையா உனக்கு? என் முதல் நேர்முகம் நினைவிருக்கும். மதுரைக்குப் பஸ் ஏறிப் போய், சான்றிதழ்களை அடுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். "எங்கள் கம்பெனி என்ன தயாரிக்கிறது?" என்றார்கள். தெரியவில்லை. நாற்காலி சூடாவதற்குள் வெளியே வந்துவிட்டேன்.

போன வாரம் பக்கத்து வீட்டுப் பையனை எங்கள் முகப்பில் உட்காரவைத்து ஒத்திகை பார்த்தேன். சிவில் டிப்ளமோ முடித்தவன். "உன்னைப் பற்றிச் சொல்" என்றதும் கடின உழைப்பாளி, பொறுப்பானவன் என்று ஆங்கிலத்தில் ஒப்பித்தான். மூச்சு விடும் இடம்கூட மனப்பாடம். எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. தரையைக் காட்டி, "இந்த ஆத்தங்குடிக் கல்லை உன் அப்பா பட்டறையில் எப்படிப் போடுகிறார்கள்?" என்றேன்.

பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, அறை அறையாகச் சாயக் கலவையை ஊற்றுவது, அச்சைத் தூக்கும்போது கை நடுங்கினால் சிவப்பும் பச்சையும் ஒன்றோடொன்று கலந்துவிடுவது, மேலே சிமெண்டும் மணலும் போட்டு அழுத்துவது, பிறகு நாள் கணக்கில் தண்ணீரில் ஊறப்போடுவது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். விடுமுறையில் இவன் போட்ட கற்கள் வீணாயினவாம். கலவையில் தண்ணீர் கூடிவிட்டது என்று கண்டுபிடித்து, ஒரு அளவுக் குவளை வைத்துச் சரிசெய்திருக்கிறான்.

"இதை ஏனடா முதலில் சொல்லவில்லை?"

"அது வீட்டு வேலைதானே, மாமா."

என் ஐயா ரங்கூன் கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடி வேலை செய்து தொழில் பழகும் பையனாகச் சேர்ந்தவர். கடை உதவியாளராக, அதாவது அடுத்தாளாக, உயர்வதற்குள் முதலாளி அவர் கணக்கெழுதும் கையையும் வாடிக்கையாளரிடம் பேசும் வாயையும் வருடக்கணக்கில் பார்த்துவிட்டார். இன்றைக்கு நேர்முகத்தில் அரை மணி நேரந்தான். கேள்வி கேட்பவர்கள் பார்க்க முடியாததை நாம்தான் சொல்லிக் காட்ட வேண்டும். ஆகவே உன் மகள் தன் கையால் செய்த இரண்டு மூன்று வேலைகளை, எங்கே சறுக்கியது, எப்படிச் சரியாயிற்று என்பதோடு வாய்விட்டுச் சொல்லிப் பழகட்டும். குறை என்ன என்று கேட்டால், "அளவுக்கு மீறி உழைப்பேன்" என்று மட்டும் சொல்லிவிட வேண்டாம். கேட்பவருக்குச் சிரிப்புத்தான் வரும். சம்பளப் பேச்சை அவர்கள் எடுக்கட்டும், ஆனால் மனதில் ஒரு தொகை இருக்கட்டும்.

பையனுக்கு வெள்ளிக்கிழமை திருச்சியில் நேர்முகம். குவளைக் கதையைச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறான். முடிவு தெரிந்ததும் எழுதுகிறேன். அதற்குள், அந்தக் கம்பெனி என்ன தயாரிக்கிறது என்று உன் மகளிடம் ஒருமுறை கேட்டுப் பார்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்