கடலோர வீட்டுக்கு ஜன்னல் கதவு எடுக்கும் முன்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"அடிக்கடி வேலை வைக்காத ஜன்னல் கதவு எது?" புதுச்சேரியில் எங்கள் பட்டறைக்கு வருபவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் கேட்கிறார்கள். மரமா, அலுமினியமா, யூ.பி.வி.சி. என்னும் கெட்டிப் பிளாஸ்டிக்கா என்று பேச்சு தொடங்கும், அதிலேயே முடிந்தும் விடும். கீலையும் திருகையும் பற்றி அநேகமாக யாரும் கேட்பதில்லை. ஆனால் பழுது பார்க்கப் போகும் வீடுகளில் முதலில் கெட்டுப்போயிருப்பவை அவைதான். அதனால்தான் இந்த மடல்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அடுத்த வாரம் குருசுக்குப்பத்தில் ஒரு வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. சில வருடங்களுக்கு முன் நாங்களே செய்து மாட்டிய அலுமினியக் கதவுகள். சட்டம் கொஞ்சமும் வளையவில்லை, மேலே பூசிய வண்ணப் பூச்சான பவுடர் கோட்டிங்கும் அப்படியே இருந்தது. ஆனால் இரண்டு கதவுகள் கீலோடு பெயர்ந்து தரையில் கிடந்தன. கீலுக்குப் போட்டிருந்தவை துத்தநாக முலாம் பூசிய இரும்புத் திருகுகள். முலாம் போய், இரும்பு துருவேறி, திருகைச் சுற்றி அலுமினியமும் வெள்ளைப் பொடியாக உதிர்ந்திருந்தது. தவறு எங்களுடையதுதான். கதவுகளை எங்கள் செலவில் மறுபடி மாட்டிக் கொடுத்தோம். அன்றிலிருந்து கடலோர வீடுகளுக்கு அந்தத் திருகைத் தொடுவதில்லை.

காரணம் இதுதான். இரண்டு வேறு உலோகங்கள் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்புநீர் தங்கினால், அவற்றில் ஒன்றை அது அரிக்கத் தொடங்கிவிடும். கடற்காற்று அந்த உப்பை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தருகிறது. ஆகவே திருகு, கீல், கொண்டி எல்லாமே துருப்பிடிக்காத எஃகில் இருக்கட்டும். அதிலும் 304 என்றும் 316 என்றும் இரண்டு தரம் உண்டு. 316-இல் மாலிப்டினம் என்ற உலோகம் சேர்ந்திருப்பதால் உப்பை நன்றாகத் தாங்கும். கடலிலிருந்து முதல் சில வீதிகளில் வீடு என்றால் 316-தான் வேண்டும். இலாசுப்பேட்டை போல உள்ளே தள்ளி இருந்தால் 304 போதும். காந்தத்தை வைத்துப் பார்த்து இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாது, அதனால் தரத்தை பில்லில் எழுதி வாங்குங்கள். எங்களிடம் வாங்கினாலும் அப்படித்தான். எஃகுக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் நைலான் வாஷர் போட வேண்டும். அதன் விலை பெரிதல்ல, அது இல்லாமல் வேலையை முடிக்க விடாதீர்கள்.

சரி, இனி கதவுக்கு வருவோம். துய்மா வீதிப் பக்கம் நடந்தால் பழைய பிரெஞ்சு வீடுகளில் சாய்வுப் பலகை அடுக்கிய மரக் கதவுகளைப் பார்க்கலாம். வெயிலை நிறுத்திக் காற்றை மட்டும் உள்ளே விடும் அந்த அமைப்புக்கு ஈடு இல்லை. பலருக்கு அதே போல வேண்டும் என்று ஆசை. எங்களுக்கும் செய்து கொடுக்க ஆசைதான். ஆனால் மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பலகையாகத் தேய்த்துப் பெயின்ட் அடிக்க ஆள் வேண்டும். அதற்குத் தயார் என்றால் வைரம் பாய்ந்த தேக்கில் செய்யுங்கள். தேக்கின் வெளிப்பக்கத்து வெள்ளை மரம் கலந்தால் கரையான் விடாது. மாட்டுவதற்கு முன்பே பலகையின் வெட்டுமுனைகளுக்கும் கதவின் அடிப்பக்கத்துக்கும் பெயின்ட் அடித்துவிடுங்கள். மரம் தண்ணீர் குடிப்பது அங்கேதான், மாட்டிய பிறகு பிரஷ் நுழையாது.

அதே சாய்வுப் பலகை அமைப்பை அலுமினியத்திலும் செய்யலாம். குறைந்த பராமரிப்புதான் முக்கியம் என்பவர்களுக்கு நாங்கள் சொல்வது அதைத்தான். யூ.பி.வி.சி. உப்புக்கு அசையாது, ஆனால் வெப்பத்தில் நீளும். 1.5 மீட்டர் சட்டம் 30 டிகிரி சூடு கூடினால் 3 மி.மீ. வரை நீளக்கூடும். அதனால் மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு அடர் நிறம் எடுக்காதீர்கள், வெள்ளையே நல்லது.

மாட்டியபின் செய்ய வேண்டியது மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவுவது, அவ்வளவுதான். சன்ஷேடுக்கு அடியில் இருக்கும் பகுதியை மறக்காமல் கழுவுங்கள். வெளியே தெரியும் பக்கத்தை மழையே கழுவிவிடும். மழை படாத இடத்தில்தான் உப்பு சேர்ந்துகொண்டே போகும். கீலுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டால் தூசி ஒட்டிப் பிசுபிசுக்கும், சிலிக்கான் ஸ்பிரே போதும்.

புது வீடு கட்டுபவர்களுக்கு ஒன்று. டைல்ஸ் கழுவ ஆசிட் ஊற்றும்போது அதன் புகை மட்டுமே எஃகுக் கீலைக் கறுக்க வைத்துவிடும். ஈரச் சிமென்ட் பட்டால் அலுமினியத்தில் அழியாத கறை விழும். ஆகவே பூச்சு, டைல்ஸ், ஆசிட் கழுவல் எல்லாம் முடிந்த பிறகு எங்களைக் கூப்பிடுங்கள். கதவு தயாராக இருந்தாலும் காத்திருக்கிறோம்.

பட்டறைக்கு வரும்போது ஜன்னல் அளவோடு, அது எந்தத் திசை பார்த்தது, மேலே சன்ஷேடு எவ்வளவு நீட்டியிருக்கிறது என்பதையும் குறித்து வாருங்கள். வடகிழக்குப் பருவமழை அடிக்கும் பக்கத்துக்கும் மாலை வெயில் விழும் பக்கத்துக்கும் ஒரே கதவு சரிவராது. ஐப்பசி பிறப்பதற்குள் வந்தால் மழைக்கு முன் மாட்டி முடித்துவிடலாம்.

அன்புடன்,
உங்கள் ஜன்னல் பட்டறையினர், புதுச்சேரி