மண் வீட்டைத் தாங்கும், கழிவைத் தாங்குமா? கடலோர மனைப்பிரிவுகள் குறித்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இராமநாதபுரம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், நகர் ஊரமைப்புத் துறை மற்றும் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலர்களுக்கும், கடலோர ஊராட்சிகளின் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

உச்சிப்புளி, மண்டபம், பெரியபட்டினம், தொண்டி என்று கடலோரம் நெடுக எங்கே மனைப்பிரிவு வந்தாலும், அதன் மண் ஆய்வு ஒரு கேள்வியோடு நின்றுவிடக் கூடாது. கட்டடத்தை மண் தாங்குமா என்பது அந்தக் கேள்வி. தாங்கும். இறுகிப் படிந்த மணல் இரண்டு மாடி வீட்டை நன்றாகவே தாங்கும். அந்த வீடு இறைக்கும் தண்ணீரையும் வெளியே விடும் கழிவையும் தாங்குமா என்பதற்குத்தான் கோப்பில் பதில் வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 25 ஏக்கர், 300 வீடு, வீட்டுக்கு 4 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற வழக்கமான அளவில் தினமும் 1,62,000 லிட்டர், ஆண்டுக்கு 59,000 கன மீட்டர். மழையை ஆண்டுக்கு 800 மி.மீ. என்று கொண்டால், அதே 25 ஏக்கரில் விழுவது சுமார் 81,000 கன மீட்டர். கிழக்குக் கடற்கரை வண்டல் நிலத்துக்கு, மழையில் 16 சதவீதம் நிலத்தடியில் சேர்வதாக அரசு மதிப்பீட்டு முறை கொள்கிறது. ஆக, மண்ணுக்குள் இறங்குவது 13,000 கன மீட்டர்கூட இல்லை. செலவு வரவைப் போல நாலரை மடங்கு. சிமென்ட் சாலையும் கல் பாவிய முற்றமும் வந்தபின் அந்த வரவும் குறையும்.

வரவுக்கு மேல் இறைத்தால் கிணறு வற்றும் என்பது உள்நாட்டுக் கதை. இங்கே வற்றாது, உவராகும். கடலோர மணலில் நல்ல தண்ணீர் கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்நீர் சுமார் 1.025 மடங்கு கனம் என்பதால், கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி வரை அது இருக்கும். மேலே கால் அடி இறங்கினால் அடியிலிருந்து உப்பு 10 அடி ஏறும். மணல்மேட்டு ஊற்றில் பத்தடியில் குடிக்கிற தண்ணீர் கிடைக்க, பக்கத்திலேயே ஆழமாக இறக்கிய போர்வெல்லில் உவர் வருவது இதனால்தான். கலப்பும் நிறைய வேண்டாம். 50 குடம் நல்ல தண்ணீரில் ஒரு குடம் கடல்நீர் சேர்ந்தால், உப்பின் அளவைக் காட்டும் குளோரைடு, குடிநீருக்கு ஏற்கத்தக்க லிட்டருக்கு 250 மி.கி. அளவைத் தாண்டிவிடும். மூன்று குடம் சேர்ந்தால் வேறு வழியே இல்லாத இடத்துக்கு அனுமதிக்கும் 1,000 மி.கி.யும் தாண்டும்.

ஆர்.ஓ. வைத்துக்கொள்வோம் என்பது விடையல்ல. பாதி நீர் நல்லதாக வந்தால் மீதிப் பாதி இரு மடங்கு உப்போடு வெளியேறும். அது எங்கே போகிறது என்பதை வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள்.

சரி, போர்வெல்லே வேண்டாம், காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் என்று சொல்லலாம். எத்தனை லிட்டர் என்று எழுத்தில் வாங்கவேண்டும். அது வந்தாலும் பாதிப் பிரச்சினைதான் தீரும். வரும் நீரில் 80 சதவீதம் கழிவுநீராகும். ஆண்டுக்கு 47,000 கன மீட்டர், மழை தருவதைப் போல மூன்றரை மடங்கு, செப்டிக் டேங்க் வழியாக அதே மணலுக்குள் இறங்கும்.

இங்கேதான் ஆய்வுகள் சறுக்குகின்றன. செப்டிக் டேங்க் நீரை மண்ணுக்குள் விடும் உறிஞ்சுகுழிக்கான சோதனை எளிது: 10 முதல் 30 செ.மீ. அகலத்தில் குழி, அடியில் 5 செ.மீ. ஜல்லி, அதன்மேல் 30 செ.மீ. தண்ணீர். இரவு முழுக்க ஊறவிட்டு, மறுநாள் 2.5 செ.மீ. இறங்க எத்தனை நிமிடம் என்று பார்ப்பது. 30 நிமிடத்துக்குள் இறங்கினால் தேர்ச்சி. கடற்கரை மணல் எப்போதும் தேறும், கோடையில் அபாரமாகத் தேறும். வேகமாக இறங்குவதுதான் இங்கே குறை. கிருமியை வடிகட்ட மணலுக்கு நேரம் கிடைப்பதில்லை. அதே குழியைக் கார்த்திகை மழைக்குப் பின் தோண்டினால் நிலத்தடி நீரே குழிக்குள் நிற்கக்கூடும். அதனால் ஒரு நிபந்தனை போதும்: வைகாசியில் ஒன்று, கார்த்திகையில் ஒன்று என இரண்டு அளவீடு. கார்த்திகை நீர்மட்டத்துக்கும் குழியின் அடிக்கும் இடையே 2 மீட்டர் இல்லாத மனையில் உறிஞ்சுகுழிக்கு அனுமதி கூடாது.

கிணற்றுக்கும் உறிஞ்சுகுழிக்கும் குறைந்தது 18 மீட்டர் இடைவெளி வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். 18 மீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டால் 25 சென்ட். விற்பது 5 சென்ட் மனை. வீட்டுக்கொரு கிணறும் வீட்டுக்கொரு குழியும் காகிதத்தில்கூடப் பொருந்தாது. அருகில் ஊர்ப்பொது உறைகிணறு இருந்தால் அதன் வட்டத்தையும் வரைபடத்தில் போடச் சொல்லுங்கள். அந்தக் கிணற்றில் திட்டத்துக்கு முன்பே குளோரைடு, நைட்ரேட், ஈ-கோலி என்ற மலக்கிருமி மூன்றையும் அளந்து பதிந்துவிட வேண்டும். முந்தைய அளவு இல்லாவிட்டால் பின்னால் எதையும் நிரூபிக்க முடியாது. தண்ணீரைக் காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது.

தொட்டியும் மிதக்கும். வெளி அளவு 3 மீட்டர் நீளம், 1.5 அகலம், 1.8 உயரம் உள்ள தொட்டி முழுக்க நிலத்தடி நீரில் நின்றால் அதைத் தூக்கும் விசை 8 டன். 15 செ.மீ. கான்கிரீட் சுவர், தளம், மூடி எல்லாம் சேர்ந்த எடையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான், செங்கல் என்றால் குறைவு. மழைக்காலத்தில் லாரிக்காரர் முழுக்க உறிஞ்சி எடுத்ததும் தொட்டி அசைந்து குழாய் இணைப்பு விட்டுப்போவது இப்படித்தான். 300 தொட்டியை மூன்றாண்டுக்கு ஒருமுறை அள்ளினால் வாரத்துக்கு இரண்டு லோடு. எந்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் இறக்குவார்கள்? பெயர் இல்லாத விடையை ஏற்க வேண்டாம். இந்த அளவு திட்டத்துக்குப் பொதுச் சாக்கடையும் ஒரே சுத்திகரிப்பு நிலையமும்தான் சரி. சுத்திகரித்த நீரை மரங்களுக்கு விடலாம், கடலுக்கு விடக் கூடாது. மன்னார் வளைகுடாவின் பவளத்துக்கும் கடற்புல்லுக்கும் மேல் பாசி படிய அதிலுள்ள சத்தே போதும்.

தரவையைச் சவுடு கொட்டி மேடாக்குவது தனிக் கேடு. மழைநீர் நின்று வடியும் பள்ளம் அது. மேடாக்கினால் வெள்ளம் பழைய ஊருக்குள் திரும்பும். பழைய உப்பளமாக இருந்தால் மண்ணின் குளோரைடு, சல்ஃபேட்டை முதலில் அளக்க வேண்டும். கடலோரத்தில் கம்பிக்கு மேல் 45 மி.மீ. கான்கிரீட் மூடலும் எம்30 என்ற வலிமைத் தரமும் கட்டாயம். உவர் நீரில் கலவை போட்டால் எத்தனை மூடல் இருந்தும் கம்பி துருப்பிடிக்கும்.

குப்பை ஆளுக்கு 350 கிராம் என்றாலும் தினமும் 420 கிலோ. மக்கும் பாதியை வளாகத்துக்குள்ளேயே உரமாக்க இடம் ஒதுக்காத வரைபடம் முழுமையற்றது.

சுற்றுச்சூழல் அனுமதி 20,000 சதுர மீட்டர் கட்டடப் பரப்பில்தான் தொடங்குகிறது. 300 வீடு, வீட்டுக்கு 650 சதுர அடி என்றால் 18,000 சதுர மீட்டர்தான். வெறும் மனையாக விற்றால் கட்டடப் பரப்பே இல்லை. அங்கே மிஞ்சும் முக்கியக் கதவு உங்கள் மனைப்பிரிவு அனுமதி. ஆகவே மேலே சொன்ன இரு பருவ அளவீடு, நீர் வரவு செலவுக் கணக்கு, அங்கீகரிக்கப்பட்ட நிறுவனம் 1:4000 அளவில் குறித்த உயர் அலைக் கோடு (கடல்நீர் ஏறும் உச்ச எல்லை) ஆகிய மூன்றும் இணைக்கப்படாத விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புமாறும், கிடைத்த அளவீடுகளைக் கிராம சபையில் தமிழில் வாசிக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம். வரும் கார்த்திகையில் முதல் அளவீட்டைத் தொடங்கினால் அடுத்த வைகாசி முடிவில் கோப்பு தயாராகிவிடும்.

இப்படிக்கு,
மண், நிலத்தடி நீர், கழிவுநீர்ப் பணிகளில் உள்ளோர்,
இராமநாதபுரம் கடலோரம்