மரச்சீனிக் கம்பு

பாறசாலை,
புதன் இரவு

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் வந்து ரெண்டு வாரமாகிறது. தாமதத்துக்குக் காரணம் ஆடு. புதிதாகக் குட்டி போட்ட வெள்ளாடு, கயிற்றை அறுத்துக்கொண்டு விளைக்குள் போய் மரச்சீனிக் குழையை, உங்கள் பக்கத்து மரவள்ளி இலையை, தின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் வாயில் நுரை, கால் உதைப்பு. ஊசியோடு மருத்துவர் வருவதற்குள் அடங்கிவிட்டது. ரெண்டு குட்டிகளுக்கும் இப்போது நான்தான் புட்டியில் பால் கொடுக்கிறேன்.

"நாமளும் அந்த மூட்டுக் கிழங்கைத்தானே பிடுங்கித் தின்னுதோம், நமக்கு ஒண்ணும் ஆவலியே?" என்று அம்மை கேட்டாள். மருத்துவர் திண்ணையில் உட்கார்ந்து விளக்கினார். இலையின் செல்லுக்குள் லினமரின் என்ற பொருள் ஓர் அறையில் இருக்கிறது. அதை உடைக்கும் நொதி செல்சுவரில். ரெண்டும் தனித்தனியே சாது. ஆடு கடித்து அரைத்ததும் ஒன்றோடொன்று கலந்து சயனைடு பிறக்கிறது. கிழங்கின் சதையில் அது குறைவு, தோலிலும் இலையிலும் கூடுதல். ஹைட்ரஜன் சயனைடு 26 டிகிரியிலேயே ஆவியாகக்கூடியது. அம்மை நறுக்கி வேகவைத்து வெள்ளத்தை வடித்துக் கொட்டுகிறாளே, அதுதான் நம்மைக் காப்பாற்றுகிறது. நாற்பது வருடமாகச் செய்கிறாள், காரணம் அன்றைக்குத்தான் தெரிந்தது.

இந்த விஷத்தை ஒரேயடியாக எடுத்துவிடலாமே என்று நீ கேட்பாய். நானும் கேட்டேன். இலையில் உண்டாகும் லினமரின்தான் வேருக்கு இறங்குகிறதாம். அதிலுள்ள நைட்ரஜனை வேர் புரதம் செய்ய எடுத்துக்கொள்கிறது. அப்படியென்றால் அது விஷம் மட்டுமில்லை, செடி கட்டிக்கொடுக்கும் பொதிச்சோறும்தான்.

சனிக்கிழமை திருவனந்தபுரத்து ஸ்ரீகாரியம் போனேன். 1963-இல் தொடங்கிய மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் அங்கேதான். உங்கள் ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலைக்கு வண்டி வண்டியாகப் போகிறதே எச்-226, எச்-165 என்ற மரச்சீனி ரகங்கள், ரெண்டும் 1971-இல் அங்கிருந்து வந்தவை. உனக்குத் தெரியுமோ என்னவோ. எனக்கு ஒன்று புரிந்தது: புது ரகம் உண்டாக்கும் இந்த வேலையை எந்த விதைக் கம்பெனியும் விரும்பிச் செய்யாது. மரச்சீனிக்கு வருடாவருடம் விதை வாங்குகிறவன் யார்? கம்பை வெட்டி நட்டுவிட்டு, மிச்சத்தை வேலிக்கு அப்புறம் நிற்பவனுக்குக் கொடுத்துவிடுகிறோம். லாபம் பார்க்க வழியே இல்லாத பயிருக்கு அரசுப் பணம்தான் நாதி. அதைத் தண்டச் செலவு என்று நம்ம டீக்கடையில் பேசுகிறவர்கள், அந்தக் கிழங்கையும் மீன்குழம்பையும் விழுங்கிக்கொண்டேதான் பேசுகிறார்கள்.

கம்பைப் பங்குபோடுவதில் தேமல் நோயும் கூடவே போகிறது, அதுதான் கஷ்டம். மீதிப் பரப்பும் வேலையை வெள்ளை ஈ பார்த்துக்கொள்ளும். அதனால் தேமல் தாங்கும் ஸ்ரீ ரக்ஷா ரகக் கம்பு வாங்கி வந்திருக்கிறேன். எட்டை உனக்காக நிழலில் சாய்த்து வைத்திருக்கிறேன். ரொம்ப நாள் தாங்காது, சீக்கிரம் வா. நட்டபிறகு தளிர் சுருண்டு மஞ்சள் திட்டு விழுந்தால் அந்தச் செடியை மூட்டோடு பிடுங்கி எறிந்துவிடு, யாருக்கும் கொடுக்காதே.

வரும்போது நல்ல கயிறு ரெண்டு வாங்கி வா. இங்கே கிடைப்பதைக் குட்டியே அறுத்துவிடும்.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்