குரலை நினைத்துப் பயப்படும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

போனில் அப்பாவும் சேர்ந்து கதைத்ததால் நான் நினைத்ததை முழுதாகச் சொல்ல முடியவில்லை. உன் வலிப்பைக் குறைக்க மெல்பேர்ன் வைத்தியர் சொன்ன அந்த நரம்புத் தூண்டல் கருவியை நீ பொருத்திக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் விருப்பம்.

இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் எடுத்தும் வலிப்பு நிற்காவிட்டால், இன்னொரு மருந்தால் நிற்பது அரிது என்று இங்கே ஒரு நரம்பியல் வைத்தியரும் விளங்கப்படுத்தினார். வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு நிலைமை இதுதானாம். மூளையில் வலிப்பு தொடங்கும் இடத்தை அகற்றும் சத்திரசிகிச்சையும் உனக்குச் சரிவராது என்று சொல்லிவிட்டார்கள். பிறகு ஏன் யோசிக்கிறாய்?

உன் பயம் குரலைப் பற்றியது என்று எனக்குத் தெரியும். பம்பலப்பிட்டி கதிரேசன் கோவிலில் திருவெம்பாவை பாடி வளர்ந்த பிள்ளை நீ. அதனால் இதைத்தான் வைத்தியரிடம் துருவித் துருவிக் கேட்டேன். மூளையிலிருந்து கழுத்து வழியாகக் கீழே இறங்கும் பெரிய நரம்புக்கு வேகஸ் என்று பெயர், குரல்வளைக்குப் போகும் நரம்பு அதிலிருந்துதான் பிரிகிறது. இடது கழுத்தில் அந்த வேகஸைச் சுற்றித்தான் கம்பியைப் பொருத்துவார்கள். கருவி நெஞ்சின் மேல்பக்கத்தில், காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கடியில் இருக்கும். அது வழக்கமாக 30 விநாடி மின்சாரத்தால் நரம்பைத் தூண்டும், பிறகு 5 நிமிடம் ஓய்ந்திருக்கும். தூண்டும்போதுதான் குரல் கரகரக்கும், சிலருக்கு இருமல் வரும். பலருக்கு நாளடைவில் அது குறைகிறது, மின்னளவையும் மாற்றலாம். பாடும் நேரத்தில், கருவியோடு தரும் காந்தத்தைக் கருவியின் மேல் வைத்திருந்தால் தூண்டல் நிற்கும், எடுத்தால் திரும்பத் தொடங்கும். இதைக் கேட்டபோது எனக்கு எவ்வளவு ஆறுதல் தெரியுமா!

வலிப்பு வரப்போவது தெரிந்தால் அதே காந்தத்தைக் கருவியின் மேலால் ஒருமுறை இழுத்து எடுக்க வேண்டும். மேலதிகமாக ஒரு தூண்டல் போகும், சிலருக்கு வலிப்பு அதோடு அடங்கிவிடும். மருமகனும் இதை வடிவாகப் பழகட்டும். நம் ஊரில் வலிப்பு வந்தவரின் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்களே, அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. இது உண்மையாக வேலை செய்யும் விஷயம்.

ஆனால் அடுத்த மாதமே மாற்றம் தெரியும் என்று எதிர்பார்க்காதே. மின்னளவைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டுவார்கள். முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வருடமும் ஆகலாம். காலப்போக்கில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு வலிப்பு பாதியாகவோ அதைவிடக் கூடுதலாகவோ குறைகிறது. அடியோடு நிற்பது சிலருக்கு மட்டும்தான். உனக்குப் பாதியாகக் குறைந்தாலே எனக்கு நிம்மதி. குளிசைகளை மட்டும் நீயாக நிறுத்திவிடாதே, அவையும் தொடர வேண்டும்.

இன்னொன்று. நித்திரையில் நீ பலமாகக் குறட்டை விடுவதாக மருமகன் சொன்னார். வெட்கப்படாமல் அதையும் வைத்தியரிடம் சொல்லு. நித்திரையில் மூச்சுத் தடைப்படும் பிரச்சினை இருந்தால் இந்தக் கருவி அதைக் கூட்டலாம், முதலிலேயே பரிசோதித்துப் பார்ப்பார்கள்.

திகதி கிடைத்ததும் உடனே அறிவி. நான் அங்கே வர விசாவுக்கு என்னென்ன கடிதங்கள் வேண்டும் என்று அப்பா கேட்கிறார், மருமகனை அனுப்பச் சொல்லு.

அன்புடன்,
அம்மா
வெள்ளவத்தை